காளீஸ்வரியின் மிஷினுக்குக் குரல் போட்ட நாள்

பாளையம்பட்டியில் வைத்திருந்த ரிப்பேர்க் கடையை மூடிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ரிப்பேருக்குப் போன் போடுகிறவர்களை, இதே தொழில் பார்க்கிற உங்களிடம்தான் அனுப்பி வைக்கிறேன். நீங்கள் சேர்ந்து வந்து, "அண்ணே, அனுபவத்த எழுதிக் குடுங்க, புதுசா வாரவங்க படிக்கட்டும்" என்றீர்கள். சரி என்றுவிட்டேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாவதோடு நின்றவன். ரேடியோ ரிப்பேர் பார்த்தேன், டி.வி. ரிப்பேர் பார்த்தேன், அப்புறம் கம்ப்யூட்டர். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். நம் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் கட்டுப்படியானது. அதனால் லினக்ஸ் பழகினேன். வேறு பெரிய காரணம் இல்லை.

என்ன தட்ட வேண்டும் என்று இதில் எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தேடினால் கிடைக்கும். தட்டலாமா வேண்டாமா என்று கை நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் போதும்.

திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கடையின் ஓரத்தில் ஒரு மேஜை. அதில் உட்கார்ந்து காளீஸ்வரி மனு தட்டிக் கொடுப்பாள். முப்பது வயதைத் தாண்டியவள். சின்ன வயதிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டது. விசைப்பலகை அவளுக்கு விரலில் இருந்தது. திரையில் இருப்பதை அவளுடைய லேப்டாப் மிஷின் வாய்விட்டு வாசிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே தட்டுவாள்.

அந்தத் தெருவில் மனு தட்ட வேறு ஆட்களும் உண்டு. இருந்தும் சனம் அவளிடம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தட்டி முடித்ததும் ஸ்பீக்கரை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி வைப்பாள். மிஷின் முழு மனுவையும் வாசிக்கும். கேட்டு முடித்து, சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. எழுதுகிற ஆளே வாசித்துக் காட்டினால், எழுதியதை வாசிக்கிறாரா, நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரா என்று படிக்காதவர்களுக்குத் தெரியாது. மிஷினுக்கு எழுதியதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சனம் அதை நம்பியது.

வருஷத்துக்கு ஒருதடவை தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். மேலதிகாரி வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைப் பார்ப்பார். சில ஊர்கள் சேர்ந்தது ஒரு பிர்கா. பிர்காவுக்கு ஒரு நாள். அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் மனுவை அவர் கையிலேயே கொடுக்கலாம். விட்டுவிட்டால் வழக்கம்போல் அலைய வேண்டியதுதான். நான் சொல்லும் நாள் நரிக்குடிப் பக்கத்து ஊர்களுடையது.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அண்ணே, காளீஸ்வரி பேசுறேன். மிஷினு ஊமையாயிருச்சு."

"ஸ்பீக்கரு போச்சா தாயி?"

"ஸ்பீக்கரு பாட்டெல்லாம் பாடுது. எங்கிட்டதான் பேச மாட்டேங்குது."

"எப்ப இருந்து?"

"டிஸ்க்கு போயிருச்சுன்னு எங்க மச்சான் டவுனுல குடுத்தாரு. புதுசாப் போட்டுக் குடுத்தாங்க. நேத்து சாயங்காலந்தான் கைக்கு வந்துச்சு. தமிழ் தட்டுது. வாசிக்க மாட்டேங்குது. இன்னைக்கு ஜமாபந்தி. அண்ணாச்சி இன்னொரு ஆள வரச் சொல்லிட்டாரு. வெரசா வாங்கண்ணே."

பென் டிரைவையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது கடை வாசலில் செருப்பு விட இடமில்லை. காளீஸ்வரி மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் பேண்ட் சட்டை போட்ட ஒருவர், மடியில் லேப்டாப் பையோடு. அண்ணாச்சி வரச் சொன்ன ஆள் அவர்தான்.

"வாங்க டாக்டரு" என்றார் அண்ணாச்சி. "பேசாத பிள்ளைக்குப் பேச்சு வந்துருமா?"

"பாக்குறேன்."

"பாருங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி பாருங்க. மேஜை சும்மா கெடந்தா கூட்டம் அங்கிட்டு அடுத்த கடைக்குப் போயிரும். அப்புறம் இவரு உக்காரட்டும். ஒருக்கா உக்காந்த ஆள நாளைக்கு எந்திரிங்கன்னு நான் சொல்ல முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வியாபாரம் செய்கிறவர் சொல்வதுபோல் சொன்னார். காளீஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மேஜைதான் பிழைப்பு.

மேஜைக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நரிக்குடிக்கு அங்கிட்டு ஏதோ ஊர். பேண்ட் சட்டைக்காரர் அவரிடம், "குடுங்க பெரியவரே, நான் தட்டித் தாரேன். எதுக்குக் காத்துக் கெடக்கீக?" என்றார்.

"இருக்கட்டும்பா" என்றார் பெரியவர். "போன வருசம் ஒருத்தரு இப்படித்தான் வெரசாத் தட்டிக் குடுத்தாரு. பக்கத்து வயக்காரரு என் வாய்க்கால மறிச்சுட்டாருன்னு சொன்னேன். அவரு வாய்க்கால நான் மறிச்சுட்டேன்னு எழுதிட்டாரு. நானும் கைநாட்ட வச்சுக் குடுத்துட்டேன். விசாரணைக்கு என்னையவே கூப்பிட்டாக."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை. "தன் மேல தானே மனுக் குடுத்த மகராசன் இந்தத் தாலுகாவுல இவுக ஒருத்தருதான்" என்றார். "இந்தத் தடவ மிஷினு வாசிக்கட்டும். அப்புறம் வைக்கட்டும் நாட்டு."

நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன்.

திரையை வாசிக்கும் நிரல் உள்ளே இருந்தது. அது தமிழ் பேசுவதற்கான குரல்தான் உள்ளே இல்லை. வாய் இருக்கிறது, குரல் இல்லை. அவ்வளவுதான் கோளாறு. குரலுக்கான பொதி, நீங்கள் பேக்கேஜ் என்பீர்களே, அதன் பெயரைத் தட்டிக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது மிஷின்.

நம் ஆட்கள் நிறையப் பேர் வழி மாறுவது இங்கேதான். மிஷின் இல்லை என்று சொன்னால், தனக்குத் தெரிந்த இடத்தில் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். உடனே இணையத்தில் தேடி, யாரோ வைத்திருக்கும் பொதியை இறக்கி உள்ளே தள்ளாதீர்கள். எங்கெல்லாம் தேட வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதை முதலில் பாருங்கள். அந்த இடத்துக்குப் புத்தகத்தில் களஞ்சியம் என்று பெயர். நீங்கள் ரெப்போ என்கிறீர்கள். நான் கிடங்கு என்று புரிந்துகொண்டேன். கிடங்கின் முகவரி மிஷினிடம் இருந்தால் சரக்கு வரும். இல்லாவிட்டால் சரக்கே உலகத்தில் இல்லை என்று மிஷின் நினைத்துக்கொள்ளும்.

முகவரிகள் இருக்கும் கோப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரிதான் உயிரோடு இருந்தது. அது, சிஸ்டம் போட்ட ஆளின் பென் டிரைவ். மற்ற எல்லா வரிக்கும் முன்னால் ஹாஷ் (#) குறி. ஹாஷ் போட்ட வரியை மிஷின் பார்க்காமல் தாண்டிப் போய்விடும்.

ஹாஷை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் எடுக்கவில்லை. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று தெரியாமல் எடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஒரு கடையில் பில் போடும் நிரல் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும், புதுசு வந்தால் நின்றுவிடும் என்று அடைத்து வைத்திருந்தார்கள். எம்.ரெட்டியபட்டியில் ஒரு வீட்டில், போனில் இருக்கும் நெட்டையெல்லாம் அப்டேட் தின்றுவிடுகிறது என்று அடைத்திருந்தார்கள். இரண்டும் நியாயமான காரணம். நாம் போய் அரை நிமிஷத்தில் திறந்துவிட்டு வந்துவிடுவோம். அவதிப்படுவது அவர்கள்.

டவுன் கடைக்குப் போன் போட்டேன்.

"தம்பி, திருச்சுழி லேப்டாப்புல கிடங்கு வரியெல்லாம் அடைச்சுக் கெடக்கு. காரணம் இருக்கா?"

"காரணமெல்லாம் இல்லண்ணே. அன்னைக்கு எங்க கடையில நெட்டு இல்ல. பென் டிரைவுல இருந்தே போட்டுட்டேன். அது தன்னால அப்படி வச்சுக்கிருச்சு. எடுத்து விடுங்க."

"கண்ணு தெரியாதவுக மிஷினுன்னு தெரியுமா?"

"யாருமே சொல்லலண்ணே. மச்சான்னு ஒருத்தரு வந்து குடுத்தாரு, தமிழ் தட்டணும்னாரு. அதப் போட்டேன்."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கேட்டதைச் செய்திருந்தான்.

சிஸ்டத்தின் சொந்தக் கிடங்குகளுக்கு முன்னால் இருந்த ஹாஷை எடுத்தேன். காளீஸ்வரியின் போனில் இருந்து நெட் எடுத்து, கிடங்கில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பித்தேன். கேட்டேன். குரல் இருக்கிறது என்றது.

அப்போதே போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சிஸ்டத்தின் கிடங்கில் இருக்கும் அந்தப் பழைய குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தகரத்தைத் தட்டியதுபோல் இருக்கும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வேறு ஒரு இடத்தில் நல்ல குரல் ஒன்றைக் கேட்டிருந்தேன். பொம்பளையாள் நேரில் பேசுவதுபோல். அது வெளியே வேறு ஆட்கள் வைத்திருக்கும் கிடங்கில் கிடைக்கும். இத்தனை கூட்டம் கேட்கப் போகிறது, அண்ணாச்சியும் கேட்பார், நல்லதையே போடுவோம் என்று நினைத்தேன். அந்தக் கிடங்கின் முகவரியையும் சேர்த்தேன். போடச் சொன்னேன்.

திரையில் பெரிய பட்டியல் ஓடி நின்றது. கடைசியில் வழக்கமான கேள்வி. ஆமா, இல்லை.

ஆமா மேல் விரலை வைத்தேன்.

"தட்டுற சத்தம் நின்னுருச்சே" என்றாள் காளீஸ்வரி. "என்னண்ணே கேக்குது?"

"ஆமாவா இல்லையான்னு கேக்குது."

"எதுக்கு?"

"போடலாமான்னு."

"என்னத்தப் போடலாமான்னு? வாசிங்க."

"இங்கிலீஷுல பெரிய பட்டியலாக் கெடக்கு தாயி. எப்பவும் வாரதுதான்."

"எங்கிட்ட வாரவுக யாரும் வாசிக்காம நாட்டு வைக்க மாட்டாக. என் மிஷினுக்கு நான் மட்டும் வச்சுறணுமா?"

தரையில் இருந்த பெரியவர், "அது நியாயம்" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். என் இங்கிலீஷ் அந்த அளவுக்குத்தான். ஒவ்வொரு பெயரும் ஒரு முழம் இருந்தது.

"என்னங்க, ஒண்ணாப்பு நடத்துறீகளா?" என்றார் அண்ணாச்சி. பேண்ட் சட்டைக்காரர் மணியைப் பார்த்தார். காளீஸ்வரி தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

புதிதாக வரப்போவது முதல் பத்தி. மாறப்போவது இரண்டாவது. அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. எடுத்து வெளியே போடப்போவது. அந்தத் தலைப்பை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாசித்தது குறைவு. அதில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"நிறுத்துங்க" என்றாள். "கடைசியா வாசிச்சது என் தமிழ் கீபோர்டுல்ல?"

டிஸ்க் போவதற்கு முன்னால் மிஷின் ஒவ்வொரு நாளும் திறக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அவளுக்கு அது காதிலேயே இருந்தது.

"ஆமா தாயி."

"அதுக்கு முன்ன வாசிச்சது?"

திரும்பப் பார்த்தேன். "திரையை வாசிக்கிற நிரலு."

"குரலக் குடுத்துட்டு வாயப் புடுங்குதா?"

அதுதான் நடக்க இருந்தது. அந்த வெளிக் கிடங்கு இந்த மிஷினில் இருப்பதைவிடப் புதிய சிஸ்டத்துக்காகக் கட்டியது. அந்தக் குரலை உள்ளே விட வேண்டும் என்றால் அடியில் இருக்கிற சிலதை மாற்ற வேண்டும். அதோடு ஒத்துப்போகாததை வெளியே தள்ள வேண்டும். மிஷின் எதையும் மறைக்கவில்லை. என்ன செய்யப் போகிறேன் என்று வரி வரியாக எழுதிக் காட்டிவிட்டு, சரிதானே என்று கேட்டது. நாம்தான் வாசிப்பதில்லை.

இல்லை என்று தட்டினேன்.

"எந்தக் குரலுண்ணே அது?" என்றாள்.

சொன்னேன். பொம்பளை பேசுவதுபோல் இருக்கும், நன்றாக இருக்கும் என்றேன்.

"நான் கேட்டேனா?"

"கேக்கலதான்."

"எனக்கு என் பழைய தகரக் குரலுதான் வேணும். அத எம்புட்டு வேகமா ஓட விட்டாலும் எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. நல்ல குரல வேகமா விட்டா வாயில சோறு வச்சுப் பேசுன மாதிரி இருக்கும். நான் என்ன, மிஷினக் கல்யாண வீட்டுல பாட விடப் போறேனா?"

கண் தெரிகிறவர்கள் நல்ல குரல் என்று நினைப்பது வேறு. அதையே காது முழுக்க வைத்து நாளெல்லாம் வேலை பார்க்கிறவர்களுக்கு வேண்டியது வேறு. அதற்கு முன்னால் எனக்கு அது தோன்றியதே இல்லை. கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பாள்.

ஒன்றைக் கவனியுங்கள். இல்லை என்று தட்டியதோடு வேலை முடியாது. நம் ஆட்கள் அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குத் தாவுவார்கள். முகவரி உள்ளேயே கிடக்கும். பிறகு ஒரு நாள் வேறு யாராவது அப்டேட் போடும்போது அந்தக் கிடங்கு தன் வேலையைக் காட்டும். அன்றைக்கு நாம் அங்கே இருக்க மாட்டோம். வெளிக் கிடங்கின் வரியை எடுத்தேன். அந்தக் கிடங்கை நம்பலாம் என்று மிஷினுக்குச் சொல்ல அதோடு வந்த சாவிக் கோப்பையும் எடுத்தேன். பட்டியலை மறுபடி புதுப்பித்தேன். பிறகு பழைய குரலை மட்டும் கேட்டேன்.

இந்தத் தடவை அவள் கேட்பதற்கு முன்னால் வாசித்தேன்.

"புதுசா வாரது, குரலு. அதுக்குத் துணையா இன்னும் கொஞ்சம் சின்னச் சின்னது." பெயர்களைச் சொன்னேன். "எடுக்கப் போறது ஒண்ணும் இல்ல."

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க."

"எடுக்கப் போறது ஒண்ணும் இல்ல."

"ம். போடுங்க."

தட்டினேன். இறங்கத் தொடங்கி, கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. பிறகு ஊர்ந்தது. பிறகு மறுபடி நின்றது. ஜமாபந்திக்கு வந்த அத்தனை பேர் கையிலும் போன். எல்லோரும் ஒரே டவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் கை பரபரக்கும். நிறுத்திவிட்டு மறுபடி போடலாமா, வேறு இடத்தில் இருந்து இழுக்கலாமா என்று தோன்றும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வருவது மெதுவாக வந்தாலும் சரியான இடத்தில் இருந்து வருகிறது. பாதியில் அறுத்தால் அதற்கு ஒரு வேலை தனியாகப் பார்க்க வேண்டும்.

பெரியவர், "என்னப்பா, நம்ம கண்மாய்த் தண்ணி மாதிரி வருது" என்றார். "யாரும் மறிச்சுட்டானா?"

"நீங்கதான் மறிச்சிருப்பீக" என்றார் அவர் மனைவி. "எதுக்கும் ஒரு மனு எழுதிப் போடுங்க."

கூட்டம் மறுபடி சிரித்தது. அண்ணாச்சி வாசலை எட்டிப் பார்த்தார். காலையில் நின்றதைவிட ஆள் கூடியிருந்தது. ஒருவரும் அடுத்த கடைக்குப் போகவில்லை. மிஷின் பேசுமா பேசாதா என்று பார்க்கவே சிலர் நின்றார்கள்.

"எங்க கடை நெட்டுல போடுங்கய்யா" என்றார் அண்ணாச்சி. "வயரு அங்கன தொங்குது. ஜெராக்ஸு மிஷினு நெட்டு இல்லாமலும் ஓடும்."

காளீஸ்வரியிடம் கேட்டேன். "மாத்திக்கலாமா தாயி?"

"மாத்துங்க. இவரு நெட்டு வழியா வந்தாலும் அதே கிடங்குதானே?"

"அதேதான்."

வயரைச் செருகினேன். விட்ட இடத்தில் இருந்து பிடித்துக்கொண்டது. வந்து முடிந்தது. திரையை வாசிக்கும் நிரலைத் தட்டி எழுப்பினேன். குரலைத் தமிழுக்கு மாற்றி, லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் ஒரு விசையை அமுக்கினாள். கரகரவென்று என்னவோ வந்தது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் முகத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. விரல் ஓட ஆரம்பித்தது. அதோடு சேர்ந்து குரலும் ஓடியது.

"இது என்ன பாஷை?" என்றார் பெரியவர்.

"இந்த வேகம் எனக்கு, பெரியப்பா. உங்களுக்கு வாசிக்கையில பையப் பேசச் சொல்றேன். நீங்க சொல்லுங்க. யாரு வாய்க்கால யாரு மறிச்சது?"

அவர் சொன்னார். கண்மாயில் இருந்து வரும் வாய்க்கால், அவர் வயலுக்கு மேலே இருக்கும் வயல், உழும்போது வாய்க்காலையும் சேர்த்து உழுதுவிட்ட ஆள். நடுநடுவே போன வருஷத்து விசாரணைக் கதையும் வந்தது. அவள் வேண்டியதை மட்டும் தட்டினாள். வேண்டாததற்கு "ம்" கொட்டினாள்.

தட்டி முடித்தாள். ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பினாள். வேகத்தைக் குறைத்தாள். தகரக் குரல் நிறுத்தி நிறுத்தி, ஐயா அவர்களுக்கு வணக்கம் என்று தொடங்கியது. கடையில் ஜெராக்ஸ் மிஷின் சத்தம் நின்றது. அண்ணாச்சிதான் நிறுத்தியிருந்தார்.

பாதியில் பெரியவர் கையைத் தூக்கினார். "அங்கன நிறுத்து. மறிச்சது அவருதானே? நான் இல்லையே?"

"அவருதான் பெரியப்பா."

"இன்னொருக்கா சொல்லச் சொல்லு. இவ கேக்கட்டும்."

"எனக்குக் கேட்டுச்சு" என்றார் மனைவி. "காது உங்களுக்கு மட்டுமா இருக்கு? வைங்க நாட்ட."

வைத்தார். இரண்டு பேரும் எழுந்து ரோட்டைத் தாண்டி ஆபீசுக்குள் போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் அடுத்தவர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள்.

பேண்ட் சட்டைக்காரர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "நான் கெளம்புறேன் அண்ணாச்சி."

"டீ சாப்பிட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி. மேஜையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாததே பதில் என்று காளீஸ்வரிக்கும் தெரிந்திருக்கும். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறைந்தது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"அண்ணே, ஒரு நிமிசம்" என்றாள். "கிடங்கத் திறக்கவோ அடைக்கவோ ஒவ்வொரு தடவையும் ஒரு பாஸ்வேர்டு தட்டுனீகள்ல?"

"ஆமா. அது இல்லாம மிஷினு எதையும் மாத்த விடாது."

"அது யாரு வச்சது?"

டவுன் கடைத் தம்பி வைத்தது. காலையில் போனிலேயே அதையும் கேட்டு வாங்கியிருந்தேன். வாங்கும்போது எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

"அந்தத் தம்பிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியும். வாசல்ல நின்ன ஆளுகளுக்கும் தெரியும். அப்ப இது யாரு மிஷினு?"

"மாத்திருவோம். என்ன வைக்கட்டும்?"

"நீங்க வைக்க வேணாம். எங்கிட்டுப் போய் மாத்தணும்னு மட்டும் காட்டுங்க."

காட்டினேன். குரல் அந்த இடத்தை வாசித்தது. அவள் கேட்டுக்கொண்டாள். நாற்காலியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"திரும்பிக்கோங்கண்ணே."

திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றேன். பின்னால் விசைச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் குரல் புள்ளி, புள்ளி என்றது. என்ன எழுத்து என்று அதுவும் சொல்லவில்லை.

நீங்கள் போகிற இடங்களில் இந்த மாதிரி நேரம் வரும். நான் திரும்பிப் பார்த்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் பார்க்கக் கூடாது.

எதிரே ஆபீஸ் கேட்டில் இருந்து பெரியவரும் அவர் மனைவியும் வெளியே வந்தார்கள். அவர் கட்டைவிரலில் மை இன்னும் இருந்தது. அந்த அம்மாள் முந்தானை நுனியை நனைத்து அதைத் துடைத்துவிட்டார். பஸ் வந்து நின்றது. அவர்கள் ஏறினார்கள். எதிர்ப்பக்கம் எனக்கான பஸ்ஸும் வந்து போனது. நான் நகரவில்லை.

பின்னால் புள்ளி, புள்ளி என்று போய்க்கொண்டே இருந்தது. நீளமான பாஸ்வேர்டாகத்தான் வைத்தாள்.

"ம், ஆச்சு. திரும்புங்க" என்று அவள் சொல்லும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.